கோணாமலை தள்ளிவிட்ட எட்டுத் தேங்காய்

மாசி பிறந்து ஒன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகிற வெள்ளாப்பில், கோணாமலையின் துறைக்கு முதலாவது தேங்காய் வந்தது.

உரிக்காத முழுத் தேங்காய். நடுவில் சிவப்புச் சாயத்தால் மூன்று வளையம் போட்டிருந்தது. ஒரு பக்கம் கறுப்பில் ஏதோ எழுத்து. காம்பில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. வாடைக்காற்று ஆற்றுத் தண்ணீரைச் சிறு சிறு மடிப்பாகக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருக்க, அந்தத் தேங்காய் அவசரமில்லாமல் ஆடி ஆடி வந்தது. வீட்டுக்காரன் எழும்பிவிட்டானா என்று பார்க்க வருகிற உறவுக்காரன் அப்படித்தான் வருவான்.

ஆறு என்றால் வாவி. மட்டக்களப்பில் வாவி என்று சொல்பவன் பள்ளிக்கூடத்தில் இருந்து படித்தவன். மீன் பிடிக்கிறவனுக்கு அது ஆறுதான். ஆற்றின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் கிண்ணையடித்துறை என்ற இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் வலையில் பாசி பிடுங்கிக்கொண்டிருந்த கோணாமலை, தேங்காயைக் கண்டதும் வலையை விட்டுவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார்.

அவர் பயந்த மனிதர் இல்லை. அறுபத்தாறு வயது. ஷெல் விழுந்துகொண்டிருந்த நாளில் தோணியில் ஆட்களை ஏற்றி இறக்கியவர். சுனாமி அன்று ஆறு தலைகீழாக ஓடியபோதும் தோணியை விட்டு இறங்காதவர். ஆனால் கழிப்பு வேறு விஷயம். ஒருவரைப் பிடித்த பிணியையும் கண்ணூறையும் மந்திரம் சொல்லித் தேங்காயில் இறக்கி, சிவப்புப் பூசி, மஞ்சள் துணி கட்டி ஆற்றில் விட்டுவிடுவார்கள். அதைத் தொட்டவனுக்கு அது மாறிவிடும். தொடாவிட்டாலும் எந்தத் துறையில் ஒதுங்குகிறதோ அந்தத் துறை வீட்டுக்கு ஆகாது. இது படுவான்கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"தெய்வமணி," என்று கூப்பிட்டார். "இஞ்ச வா கா. கிட்ட வராத. அங்க நிண்டு பாரு."

தெய்வமணி கையில் அகப்பையோடு வந்தாள். பார்த்தாள். அகப்பையை இடுப்பில் குத்திக்கொண்டாள்.

"ஆரோ கழிச்சு விட்டிரிக்காங்க."

"அது எனக்குத் தெரியாமலா உன்னக் கூப்பிட்டன்? ஆர் எண்டு சொல்லு."

"வேற ஆர்? சீதேவிப்பிள்ளைதான். அவள்ற மருமகனுக்கு ரெண்டு மாசமா முழங்கால் வீக்கம். வேலிச் சண்டையில நான் சொன்ன சொல்ல அவள் மறக்கல்ல."

"நீ என்ன சொன்னாய்?"

"அத இப்ப ஏன் கேக்கிறீங்க? அங்க பாருங்க, இன்னொண்டு வருது."

உண்மைதான். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. பொழுது கிளம்புவதற்குள் கிண்ணை மர வேர்களுக்கு நடுவில் ஐந்து தேங்காய் முட்டிக்கொண்டு நின்றன. மதியத்துக்குள் எட்டு.

"ஒரு முழங்காலுக்கு எட்டுத் தேங்காயா?" என்றார் கோணாமலை.

"வீக்கம் பெரிசு," என்றாள் தெய்வமணி.

அந்த வளவும் துறையும் தெய்வமணிக்குத் தாய்வழியாக வந்த சீதனம். கோணாமலை நாற்பத்தொரு வருடத்துக்கு முன் ஒரு தோணியோடும் இரண்டு சாரத்தோடும் வந்து சேர்ந்தவர். ஆகவே துறை விஷயத்தில் அவளுடைய சொல்தான் கடைசிச் சொல். அவள் வேப்பிலை ஒடித்து வந்தாள். மஞ்சள் கரைத்து வைத்தாள். அவர் பழைய வலை ஒன்றைத் தோணியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, எட்டுத் தேங்காயையும் கம்பால் தள்ளி ஒன்றாகச் சேர்த்து, வலையால் வளைத்து, கை படாமல் இழுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார். வாடைக்கு எதிராகக் கம்பு ஊன்றுவது சும்மா வேலை இல்லை. தோள்மூட்டு கழன்றுவிடும் போல இருந்தது. எழுவான்கரை ஓரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, தேங்காயைக் கம்பால் கரைச் சேற்றில் ஏற்றிவிட்டு, வலையை அங்கேயே தண்ணீரில் தாழ்த்திவிட்டார். கழிப்புப் பட்ட வலை. அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

திரும்பி வந்து மஞ்சள் தண்ணீரில் தலை முழுகினார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் இறால் பொரித்து, முருங்கைக் கீரை சுண்டி, நல்ல சாப்பாடு. ஒரு கேடு வந்து, வந்த வழியே போய்விட்டது என்ற சந்தோஷம். தெய்வமணி மறுநாளிலிருந்து சீதேவிப்பிள்ளையோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான் என்று இருவரும் நினைத்தார்கள்.

கோணாமலைக்கு நம்பிக்கை என்ற ஒன்று கிடையாது. வானொலிக்காரன் மழை வரும் என்றால் வலையைக் காயப்போடுவார். யுத்தம் முடிந்து எட்டு மாதமாகியும், முடிந்தது என்று அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "முடிஞ்சிரிக்காம்," என்றுதான் சொல்வார். மீனவர் சங்கத்தில் கூட்டம் என்றால் அவர் போகமாட்டார். கூட்டத்தில் கையெழுத்து வாங்குவார்கள், கையெழுத்து வாங்கினால் பிறகு ஏதாவது கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. தை மாதக் கடைசியில் நடந்த கூட்டத்துக்கும் அவர் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் கூட்டம் என்றார்கள். இந்த முறை பிரதேச செயலகத்திலிருந்து ஆள் வருகிறது, வராதவனுக்கு ஆற்றில் தொழில் செய்ய அனுமதி எழுதமாட்டார்கள் என்று யாரோ கதை கட்டிவிட, கோணாமலை சட்டை போட்டுக்கொண்டு போனார்.

தகரக் கொட்டகை. எழுவான்கரை, படுவான்கரை இரண்டு பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். இப்றாஹிம் முன்வரிசையில் இருந்து கையைக் காட்டினார்.

"மச்சான், இஞ்சால வாங்க. இடம் பிடிச்சு வச்சிரிக்கன்."

இப்றாஹிம் எதிர்க்கரையில் தொழில் செய்கிறவர். காத்தான்குடி ஆள். தன் துறையில் பிடிப்பதோடு, கோணாமலையின் இறாலையும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து விற்கிறவர். பாதை மூடிக்கிடந்த வருடங்களில் இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை. திறந்த பிறகு முதல் நாள் வந்தபோது இப்றாஹிம் தாடி முழுக்க நரைத்துப்போய் நின்றார். "ஆள் மாறிட்டாய்," என்றார் கோணாமலை. "நீங்க மாறல்ல மச்சான், அப்பவும் இப்பிடித்தான் மூஞ்சை," என்றார் இப்றாஹிம். அன்றிலிருந்து வியாபாரம் திரும்பத் தொடங்கியது.

சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை ஆணியடித்துக் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு பெண்பிள்ளை, கம்பஸில் படிப்பிக்கிறவளாம், பெயர் தக்ஷாயினி, சித்தாண்டிப் பக்கம், மடியில் வைக்கிற கணினியோடு நின்றாள். வேட்டியில் ஆற்றின் படம் விழுந்தது.

"விளாமுனையில இரிக்கிற மருந்துக் குழி எல்லாருக்கும் தெரியும்தானே," என்று தொடங்கினாள்.

கோணாமலைக்குத் தெரியாமலா? சுனாமிக்குப் பிறகு லொறி லொறியாக மருந்து வந்தது. எந்த நாட்டு எழுத்தென்று யாருக்கும் விளங்கவில்லை. குளிர் நாட்டு மருந்து, காலம் முடிந்த மருந்து, மூடி திறந்த பாணி. பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்று நிரம்பி, பிள்ளைகள் மரத்தின் கீழ் படித்தார்கள். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனக்காரன் வந்து, ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற விளாமுனையில் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னான். குழி வெட்டிய ஆறு பேரில் கோணாமலையும் ஒருவர்.

"ஒவ்வொரு மாரிக்கும் அந்தக் குழிக்குள்ள தண்ணி இறங்கி, மருந்தக் கரைச்சுக்கொண்டு ஆத்துக்கு வருது. முனையடியில தண்ணி அள்ளிப் பரிசோதிச்சதில அது தெரிஞ்சிட்டு. ஆனா ஆத்துக்குள்ள வந்த மறுகா அது எங்க போகுது, எங்க தங்குது எண்டதுதான் கேள்வி. ஆறு முழுக்கப் போத்தல் போத்தலா அள்ளிப் பாக்க நமக்கு வசதியில்ல. அதுக்குத்தான் இந்தக் கணக்கு. இந்த ஆத்த நான் கணினிக்குள்ள சின்னச் சின்ன வயலா வரம்பு கட்டிப் பிரிச்சிரிக்கன். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் இடையில வக்கடை வெட்டி விட்டிரிக்கன். காத்து எந்தப் பக்கம், முகத்துவாரம் வெட்டியிரிக்கா மூடியிரிக்கா, மழை எவ்வளவு எண்டு சொல்லிக் குடுத்தா, எந்த வக்கடையால எவ்வளவு தண்ணி பாயும் எண்டு அது பாத்துச் சொல்லும். தண்ணி போற வழியிலதான் மருந்தும் போகும்."

"மருந்து நல்லதுதானே புள்ள," என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "நம்மட இறாலுக்குத் தலையிடி வராது."

கொட்டகை சிரித்தது. அந்தப் பெண்பிள்ளையும் சிரித்தாள்.

"இறாலுக்கு வராது ஐயா. ஆனா கிருமி ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா அந்த மருந்தக் குடிச்சுப் பழகிரும். மறுகா உங்கட பேரப்பிள்ளைக்குப் புண் வந்து, ஆசுபத்திரியில அதே மருந்தக் குடுத்தா, கிருமி இப்ப நீங்க சிரிச்ச மாதிரிச் சிரிக்கும்."

சிரிப்பு நின்றது.

"கணக்குச் சரியா எண்டு பாக்க, போன மாசம் விளாமுனையடியில பத்துத் தேங்காய மிதக்க விட்டம். சிவப்பு வளையம் போட்டு, நம்பர் எழுதி, தூரத்தில இரிந்து தெரியட்டும் எண்டு மஞ்சள் துணியும் கட்டி. முந்தின கூட்டத்தில சொன்னன்தானே, கண்டா எடுத்து எனக்குப் போன் பண்ணுங்க எண்டு. ரெண்டு காணாமப் போச்சு. மற்ற எட்டும் இப்றாஹிம் நானாட துறையில ஒதுங்கினது."

வேட்டியில் ஆற்றின் எழுவான்கரை ஓரம், இப்றாஹிமின் துறையிருக்கும் வளைவு, இரத்தச் சிவப்பாக மாறியது. கிண்ணையடித்துறைப் பக்கம் பச்சை. சுத்தப் பச்சை.

கோணாமலை தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். எட்டு. அவர் தோள்மூட்டு இன்னும் நொந்துகொண்டிருந்தது.

செயலகத்து உத்தியோகத்தர் எழுந்து, சிவப்புக் காட்டிய இடத்தில் குழியைத் தோண்டி அப்புறப்படுத்தும்வரை, குறைந்தது ஒரு வருடம், மீனோ இறாலோ பிடிக்கத் தடை வரும் என்றார். வருகிற மாதம் கடைசியில் கையெழுத்து. இப்றாஹிம் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கோணாமலை சட்டையைக் கழற்றாமலே இருந்தார். தெய்வமணி சோறு போட்டாள். இறால் ஆணம். அவர் தொடவில்லை.

"என்ன, கையெழுத்து வாங்கிட்டாங்களா?"

அவர் சொன்னார். வளையம் ஏன், துணி ஏன், நம்பர் ஏன் என்று எல்லாம் சொன்னார். தெய்வமணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். முதலில் அவளுக்கு வந்தது சிரிப்பு.

"அப்ப அது சீதேவிப்பிள்ளைட முழங்கால் இல்லையா?"

"இல்ல."

"நான் மூணு கிழமையா அவளோட கதைக்கல்லயே."

"அத விடு கா. இப்ப இப்றாஹிமிட துறைய மூடப்போறாங்க."

அவள் யோசித்தாள். வெளியில் துறையடியில் மகள் வதனியின் பிள்ளை தண்ணீரில் அடித்து விளையாடுகிற சத்தம் கேட்டது.

"நீங்க வாயத் திறந்தா?"

"நம்மட துறைய மூடுவாங்க."

"ஒரு வருசமா?"

"ஒரு வருசம் எண்டு சொல்லுவானுகள். இவனுகள்ற ஒரு வருசத்த நான் எத்தினை கண்டிரிக்கன்? சங்கத்துச் சட்டப்படி ஆளுக்கு ஒரு துறைதான். நமக்குப் போக வேற இடமில்ல. பேசாம இருப்பம். அந்தப் புள்ளட கணினிப் பெட்டியே பச்சை எண்டு சொல்லியிரிக்கு. பெட்டியை விட நான் படிச்சவனா?"

"அப்ப பேசாம இரிங்க," என்றாள் தெய்வமணி. அவர் சோற்றுக் கோப்பையைக் கிட்ட இழுத்தார். ஒரு வாய் வைக்கப்போனார்.

"ஒண்டு கேக்கன்," என்றாள். "தேங்காயத் தள்ளி விட்டீங்க. மருந்தயும் தள்ளி விட்டீங்களா?"

கை பாதியில் நின்றது.

"தேங்காய் வந்த வழியாத்தானே தண்ணியும் வந்திரிக்கும்? தேங்காய வலையப் போட்டு இழுத்துக்கொண்டு போனீங்க. தண்ணிய எதால இழுத்தீங்க?"

அவர் கோப்பையைப் பார்த்தார். இறால் சிவந்து சுருண்டு மஞ்சள் ஆணத்தில் கிடந்தது. காலையில் அவரே துறையில் பிடித்தது. தெய்வமணி எழுந்து வெளியே போய், "வதனி, பிள்ளைய ஆத்தில இரிந்து தூக்கு. கிணத்தடியில வார்த்துவிடு," என்று சொல்லிவிட்டு வந்து, அவர் முன்னால் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"இந்தத் துறை என்ட தாய்ட துறை," என்றாள். "பச்சை எண்டு பொய் சொல்லி எனக்கு இது தேவையில்ல. நாளைக்கு இப்றாஹிம் காக்கா இறாலுக்கு வருவார். அவரிட்ட முதல்ல சொல்லுங்க."

கோணாமலை அன்று பருப்பும் சோறும் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் இப்றாஹிம் தோணியில் ஐஸ் பெட்டியோடு வந்தார். வழக்கமாகக் கரைக்கு வருமுன்பே பாட்டுப் போல ஏதாவது சொல்லிக்கொண்டு வருகிறவர், இன்று சும்மா வந்தார்.

"வலைக்கம்பெல்லாம் பிடுங்கத் தொடங்கிட்டன் மச்சான். நேற்று அரைவாசி பிடுங்கியாச்சு. எப்பிடியும் மூடத்தானே போறாங்க. ஒரு கேள்வி கேக்க வந்தன். உங்கட துறையில ஒரு மூலையில எனக்கும் வலை கட்ட விடுவீங்களா? சங்கத்தில கேட்டன். துறைக்காரன் சம்மதிச்சாச் சரியாம்."

மறைத்துச் சொல்லக் கோணாமலைக்குத் தெரியாது. மெதுவாகச் சொல்லவும் தெரியாது.

"அந்தத் தேங்காய் எட்டயும் உன்ட துறைக்கு இழுத்துக்கொண்டு வந்து விட்டது நான்தான்."

இப்றாஹிம் கையில் தூக்கிய தராசைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்லுறீங்க?"

"என்ட துறைக்குத்தான் வந்திச்சு. சிவப்பும் மஞ்சளுமா. கழிப்பு எண்டு நினைச்சன். வலையப் போட்டு இழுத்துக்கொண்டு வந்து உன்ட கரையில விட்டன்."

"கழிப்பு எண்டு நினைச்சு, என்ட கரையில விட்டீங்க?"

"ஓம்."

"எனக்குப் பிணி வந்தாப் பரவாயில்லயா?"

"உங்கட ஆக்கள அந்தப் பிணி பிடிக்காது எண்டு நினைச்சன்."

இப்றாஹிம் அவரை உற்றுப் பார்த்தார். தெய்வமணி அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்றாள். பிறகு இப்றாஹிமின் தாடி ஆடியது. வயிறு ஆடியது. தோணி ஆடியது. அவர் சிரித்த சிரிப்பில் கிண்ணை மரத்துக் கொக்கு எழும்பிப் பறந்தது.

"அதில ரெண்ட என்ட பொஞ்சாதி சபூரா உரிச்சுச் சம்பல் போட்டுட்டா மச்சான். நம்பர் மூணும் எட்டும். நாலு பேர் இடியப்பத்தோட சாப்பிட்டம். மறுகாதான் மகன் வந்து, இது கம்பஸ்காரப் புள்ளட தேங்காய் எண்டு சொன்னான். நம்பர் எழுதின மட்டையையும் சிரட்டையையும்தான் அந்தப் புள்ளையிட்டக் குடுத்தம்."

"ஒண்டும் செய்யல்லயா?"

"எனக்கு ஒண்டும் செய்யல்ல. மருமகனுக்கு மட்டும் வயித்தால போச்சு. அவன் எப்பவும் கூடத் தின்னுற ஆள்."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மெல்ல மாறியது.

"நேற்றுப் பொழுது படுமட்டும் கம்பு பிடுங்கினன் மச்சான். முதுகு விட்டுப் போச்சு."

"தெரியும்."

"சொல்லாம இருந்திரிக்கலாம் நீங்க."

"இருந்திரிப்பன். இவள் விடல்ல."

"அதையும் மறைக்கத் தெரியல்ல உங்களுக்கு," என்றார் இப்றாஹிம். "ஏறுங்க தோணியில. அந்தப் புள்ள விளாமுனையில தண்ணி அள்ளுறா."

தக்ஷாயினி முனையடியில் முழங்கால் தண்ணீரில் நின்று சின்னப் போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். கோணாமலை தோணியை விட்டு இறங்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"புள்ள, நீ சித்தாண்டி எண்டுதானே சொன்னாய்? சித்தாண்டியில கழிப்புக் கழிக்கிறதில்லயா? தேங்காய்க்குச் சிவப்புப் பூசி, மஞ்சள் துணி கட்டி ஆத்தில விட்டா, ஆர் தொடுவான்? எவனும் தள்ளித்தான் விடுவான். நானும் தள்ளித்தான் விட்டன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. இப்றாஹிம் ஒழுங்காகச் சொன்னார். விளங்கியதும் போத்தலை மூடாமலே தண்ணீருக்குள் குந்திவிட்டாள். உடுப்பெல்லாம் நனைந்தது.

"எட்டுமா?"

"எட்டும்."

"அம்மா சொன்னவ," என்றாள் மெதுவாக. "சாயத்தக் கண்டிட்டு, இதென்னடி கழிப்புத் தேங்காய் மாதிரி இரிக்கு, நீலத்தப் பூசு எண்டு சொன்னவ. நான் கேக்கல்ல. கடையில சிவப்புத்தான் இரிந்திச்சு."

"தாய்ட சொல்லக் கேக்கல்ல. படிச்சு என்ன?"

"ஐயா, உங்களுக்கு ஒண்டு தெரியுமா?" அவள் எழுந்து நின்றாள். அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரியாத முகம். "கணினி முதல்ல உங்கட துறையத்தான் சிவப்பாக் காட்டினது. வாடை வீசுது, முனையில இரிந்து தண்ணி படுவான்கரைக்குத்தான் சாயும் எண்டு அது சரியாத்தான் சொன்னது. தேங்காய் எதிர்ப்பக்கம் போனதால, கணக்கில பிழை எண்டு நினைச்சு, மூணு கிழமையா ராப்பகலா இரிந்து, அதத் திருத்தி, மாத்தி, எழுவான்கரைக்குப் போக வச்சன்."

கோணாமலை இதைக் கொஞ்சநேரம் மென்றார்.

"அப்ப பெட்டி சரி."

"ஓம்."

"நாம ரெண்டு பேரும்தான் பிழை."

"ஓம்."

"பெட்டியையும் இனி ஒள்ளுப்பம் நம்பத்தான் வேணும் போல," என்றார் வெறுப்போடு.

அவர் அதோடு போயிருக்கலாம். தோணியில் ஒரு காலையும் வைத்துவிட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்ட வாய், மற்றதையும் வைத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றது.

"குழி எத்தினை அடி எண்டு எழுதி வச்சிரிக்காய்?"

"நிறுவனத்துக் கடுதாசியில பத்தடி எண்டு இரிக்கு. கீழ களிமண் போட்டு இறுக்கினது எண்டும்."

"களிமண்ணும் இல்ல, ஒண்டும் இல்ல. இடுப்பளவுதான் வெட்டினம். வெட்டிக்கொண்டிருக்கக்குள்ள சாப்பாட்டுப் பார்சல் வந்திட்டு. சாப்பிட்ட மறுகா ஒருத்தனுக்கும் மண்வெட்டி தூக்க மனமில்ல. மருந்துப் பெட்டி எல்லாத்தையும் கொட்டி மூடிட்டு வந்திட்டம்."

தக்ஷாயினி நனைந்த பையிலிருந்து கொப்பியை எடுத்தாள்.

"இடுப்பளவு எண்டா, உங்கட இடுப்பா?"

"என்டதுதான். வேற ஆரிட இடுப்ப நான் சொல்ல?"

அவள் கிட்ட வந்து, கையிலிருந்த அளவு நாடாவால் அவர் காலிலிருந்து இடுப்புவரை அளந்து எழுதிக்கொண்டாள். இப்றாஹிம் தோணிக்குள் விழுந்து கிடந்து சிரித்தார். இவ்வளவு வயதுக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை அளவு நாடாவோடு தன்னை அளப்பாள் என்று கோணாமலை கனவிலும் நினைத்ததில்லை. விறைப்பாக நின்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பவும் விடுவதென்று முடிவாயிற்று. வாடை ஓய்வதற்குள் விட வேண்டும். இந்த முறை கூட்டம் போட்டார்கள், கோயிலிலும் பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், நீலச் சாயம் பூசினார்கள், துணி கட்டவில்லை. காயவைத்த தேங்காய் பத்தும் இப்றாஹிம் கொடுத்தது. "தின்ற கடன்," என்றார். தெய்வமணி ஒரு சட்டி நண்டுக்கறியோடு சீதேவிப்பிள்ளை வீட்டுக்குப் போய், ஒரு பகல் முழுக்க இருந்து கதைத்துவிட்டு வந்தாள். நண்டு கடையில் வாங்கியது. வேலி விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை.

செவ்வாய் காலை கோணாமலை துறையில் நின்றார். கையில் வதனியின் போன். வந்தால் நம்பரையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். தோணி ஊன்றும் கம்பைத் தெய்வமணி எடுத்துக் கொண்டுபோய் வளவுக்குள் வைத்துவிட்டாள். "உங்கள நம்பாம இல்ல," என்றாள். "கம்ப நம்பேலாது."

காற்று நல்ல வாடை. ஆறு மடிந்து மடிந்து வந்தது. வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை. அவர் மனதுக்குள் ஒரு மூலையில், வராமலே இருக்கட்டும் என்றும் இருந்தது. தெய்வமணியின் தாய், அவளுடைய தாய், எல்லோரும் இறால் அள்ளிய துறை. ஒரு வருடம் இதில் வலை நனையாது. இறாலுக்கு நல்ல காலம் இனித்தான் வருகிறது.

போன் அடித்தது. இப்றாஹிம்.

"மச்சான், இஞ்ச ஒண்டும் வரல்ல."

"இஞ்சயும் இல்ல."

"தள்ளுறீங்களோ எண்டு கேக்கத்தான் எடுத்தன்."

"கம்ப அவள் பறிச்சிட்டாள்."

"அப்ப சரி. காலால தள்ளாதீங்க."

அவர் போனை வைக்கவும், மின்னுகிற தண்ணீருக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. வேறு எங்காவது போகப்போகிறதோ என்று அவர் பார்த்தார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கிறுகித் திரும்பி, நேராகத் துறைக்கு வந்தது. கிண்ணை வேரில் முட்டியது. அவருடைய முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று ஆடியது.

கையால்தான் எடுக்க வேண்டும். நீலம்தான், துணி இல்லைதான், பத்தும் இப்றாஹிம் வீட்டுத் தேங்காய்தான். ஆனாலும் கை ஒரு தரம் பின்னால் போய்த்தான் வந்தது. குனிந்து எடுத்தார். பாரமாக இருந்தது.

"ஹலோ, புள்ள. நான்தான். வந்திட்டு. நம்பர் ஆறு. நேரம்... தெய்வமணி, நேரம் என்ன?... எட்டே முக்கால்."

"உங்கட துறைக்கா ஐயா?" அவள் குரல் தாழ்ந்தது. அந்தத் துறைக்கு இனி என்ன வரும் என்று அவளுக்கும் தெரியும்.

"என்ட துறைக்குத்தான். வேற ஆர்ர துறையில நிண்டு நான் எடுப்பன்? எழுது."

மதியத்துக்குள் ஏழு வந்தது. ஏழையும் எடுத்துக் கரையில் வரிசையாக வைத்தார். வதனியின் பிள்ளை அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடியது. தண்ணீருக்குப் போகாதே என்று அதற்குச் சொல்லியிருந்தது. கடைசி நேரத்தைச் சொல்லி முடித்தபோது இப்றாஹிமின் போன் வந்தது.

"எத்தினை மச்சான்?"

"ஏழு."

காற்றுச் சத்தத்துக்கு மேலாக இப்றாஹிம் சொன்னார்:

"பிடுங்கின கம்பத் திரும்ப நட வேணும். எனக்குத் தனிய ஏலாது, முதுகு சரியில்ல. சங்கத்துக்குச் சொல்லிட்டன், துறைக்காரன் சம்மதம் எண்டு. நாளைக்கு வெள்ளாப்பில உங்கட வலையையும் எடுத்துக்கொண்டு இஞ்சால வாங்க. தெற்கு மூலை உங்களுக்கு. சபூரா இடியப்பம் அவிக்கிறாளாம்."

"என்ன சம்பல்?"

"அத வந்து பாருங்க."

கோணாமலை போனை வைத்துவிட்டு வளவுக்குள் திரும்பிப் பார்த்தார்.

"தெய்வமணி," என்றார். "அந்தக் கம்பக் குடு கா. நாளைக்கு ஆத்தக் கடக்க வேணும்."